முன்னறையில் தங்கியவர்கள்

ஜூலை 3

வக்கீல் பர்வீன் சொன்னதால் இந்த டைரியைக் கையில் எடுத்திருக்கிறேன். "நடந்ததை அன்னன்னைக்கே எழுதி வைங்கம்மா. ரெண்டு வாய்தா போனா தேதியெல்லாம் மறந்துரும், கோவம் மட்டுந்தான் மிஞ்சும்" என்றாள். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் பிசிறே இல்லை. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி, அட்டையில் மீனாட்சியம்மன் படம். தாயே, நீயும் கூட இருந்து படித்துக்கொள்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், காம்பவுண்டு வீட்டில். ஒரே சுற்றுச்சுவருக்குள் நான்கு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் ஒரு குழாய். மூன்றாம் வீடு எங்களுடையது. கல்யாணமாகி வந்த நாள் முதல் இங்கேதான் குடியிருக்கிறோம். வீட்டுச் சொந்தக்காரர் தனுஷ்கோடி ஐயா இருந்தவரை ஒரு சுடுசொல் கிடையாது. போன வருடம் அவர் கண்ணை மூடினார், மகன் கிருபாகரன் வந்தான். எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப் போகிறானாம். போகச் சொன்னான், போகவில்லை. இப்போது கேஸ். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த வெளியூர் ஆட்களுக்கு எங்கள் முன்னறையை நாள் வாடகைக்கு விட்டு நாங்கள் லாட்ஜ் நடத்தினோமாம்!

கோர்ட் நோட்டீஸை இவரிடம் வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். "போர்டு வச்சியா திலகா? சொல்லியிருந்தா நான் லைட் போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்தவர், அந்தப் புத்தி போகவில்லை. நானும் சிரித்தேன்.

ராத்திரிக்கு ரசமும் அப்பளமும்.

ஜூலை 4

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். இவருக்குக் கண் தெரியாது.

ஆறு வருடமாயிற்று. உள்ளே நீர் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆனால் இந்த வீட்டில் இவரைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. குழாயடியில் குடம் பிடிப்பார், மாடியில் துணி காயப்போடுவார், எனக்கு முன்னால் எழுந்து டீ போடுவார். சந்து முனை டீக்கடைக்குக் கம்பு இல்லாமல் போய் அரசியல் பேசிவிட்டு வருவார். போன வருடம் தேனியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். ஹால் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "திலகா, பாத்ரூம் எங்கிட்டு?" என்று கேட்ட குரல் இவர் குரல் மாதிரியே இல்லை. அதற்குப் பிறகு எங்கேயும் வருவதில்லை.

இந்த வீட்டை விட்டு இறங்குகிற அன்றைக்குத்தான் இவருக்கு நிஜமாகவே கண் போகும். கிருபாகரனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவனுக்கு என்ன.

ஜூலை 19

பர்வீன் ஆபீஸுக்குப் போனேன். கிருபாகரன் தாக்கல் செய்திருக்கிற போட்டோக்களைக் காட்டினாள். எங்கள் முன்னறையில் வரிசையாகப் பெட்டிகள். குழாயடியில் துண்டோடு பல் தேய்க்கிற ஆண்கள். மாடிக்கொடியில் வேட்டிகள்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுவா! இது பவானி கல்யாணம்மா! இந்தா, தலையில துண்டு கட்டியிருக்காரே, இவர்தான் மாப்பிள்ளையோட அப்பா, பால்ச்சாமி. அருப்புக்கோட்டைக்காரர்."

பவானி இரண்டாம் வீட்டு மரகதத்தின் மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள் பாதி நாள் எங்கள் முன்னறையில்தான் வளர்ந்தாள். அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த வாரத்தில் அவளுக்குக் கல்யாணம். காம்பவுண்டில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மற்றவர்கள் ஒரு அறையை ஒழித்துக் கொடுப்பது வழக்கம். நாங்கள் முன்னறையை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தோம். திருவிழாக் கூட்டம் ஊரை விட்டு இன்னும் போகாத நேரம், லாட்ஜில் இடமும் இல்லை. மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். இதற்கு யார் வாடகை வாங்குவார்கள்?

பர்வீன் பேனாவை மூடினாள். "அப்ப விஷயம் முடிஞ்சது. அந்த மரகதம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் கூப்பிட்டா முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு ஓடி வருவா" என்றேன்.

திரும்பும்போது மரகதம் கொடுத்துவிட்ட மீன்குழம்புக் கிண்ணம் வாசலில் இருந்தது. கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தருவது எங்களுக்குள் கிடையாது. நாளைக்குக் கேசரி செய்து போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 20

கேசரி செய்தேன். மரகதம் வீடு பூட்டியிருந்தது. இவர் முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்.

ஆகஸ்ட் 8

மரகதம் நம் சாட்சி இல்லையாம். அவர்கள் தரப்புச் சாட்சியாம்.

ஆகஸ்ட் 21

எழுத உட்கார்ந்து வெகு நேரமாயிற்று.

கோர்ட்டில் மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது, அதுவும் ஜட்ஜ் தலைக்கு மேலே. மரகதம் பவானி கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அந்தப் புடவையைக் கடையில் தேர்ந்தெடுத்ததே நான்தான். கூண்டில் ஏறி, கிருபாகரனுடைய வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னாள். மூணாம் வீட்டுல வெளியாளுங்க தங்கினாங்க. ஆமா, முன்னப்பின்ன தெரியாதவங்க. திருவிழாவுக்கு வந்தவங்கன்னு சொன்னாங்க. ஒரு ஆளு போக இன்னொரு ஆளு வந்துக்கிட்டே இருந்தாங்க. திலகவதியக்காதான் காசு வாங்கினாங்க, நான் கண்ணால பார்த்தேன்.

பொய் சொல்கிறபோதும் "அக்கா" என்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பர்வீன் குறுக்கு விசாரணையில் விடாமல் கேட்டாள். "போட்டோவுல இருக்கறது உங்க சம்பந்தி இல்லையா?" மரகதம் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். "மொகம் சரியாத் தெரியல" என்றாள். துண்டு முகத்தில் பாதியை மறைக்கிறது என்பது நிஜம். "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்க எங்க தங்கினாங்க?" "எங்க வீட்டுலதான்." ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் பதினைந்து பேரா என்று பர்வீன் கேட்டாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. டவாலி வந்து உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "எப்படிப் போச்சு?"

"நல்லாதான் போச்சு" என்றேன். "மரகதம் ஒண்ணும் பெருசாச் சொல்லல."

"ம்" என்று டீயை ஆற்றிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 22

விடிந்ததும் குழாயடியில் அவளைப் பிடித்துவிட்டேன். குடத்தை வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் குழாயடிச் சண்டை என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"ஏண்டி, உனக்கு நான் என்னடி பாவம் செஞ்சேன்?"

"என்னைய அடிங்கக்கா. செருப்பக் கழட்டிக்கூட அடிங்க. ஆனா கேக்காதீங்க."

"கேக்காம? சொல்லு."

அவள் குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கிருபாகரன் பால்ச்சாமி அண்ணன் நம்பரை வச்சிருக்கான்க்கா. 'உங்க சம்பந்திக்குப் போன் போட்டு, நீங்க எங்க வாடகை ஆளுங்கன்னு சொல்லட்டுமா'ன்னு கேக்குறான். பவானி இப்பதான் அங்க போயிருக்கு. உண்டாயிருக்குக்கா. இந்த நேரத்துல அது காதுல விழுந்தா அவுக என்ன நினைப்பாக?"

அந்த மிரட்டலுக்கு வழி வைத்தவள் நானே, அதையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டாரிடம் "பொண்ணு வீட்டாருக்கு டவுனுக்குள்ள சொந்த வீடு" என்று அடித்துவிட்டிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மரகதம் என்னிடம் வந்து அழுதாள். அக்கா, ஒத்த அறையப் பார்த்ததும் தெரிஞ்சுருமே என்றாள். "போடி, இதுக்கா அழுவ" என்று நான்தான் எங்கள் முன்னறையில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றி, பவானி படத்தை மாட்டினேன். பால்ச்சாமி உள்ளே வந்து "இது யாரு வீடுங்க?" என்று கேட்டபோது "எல்லாம் உங்க சம்பந்தி வீடுதான். நாங்க பின்னால குடியிருக்கோம், அவ்வளவுதான்" என்று சொன்னதும் நான்தான். கல்யாணச் சாப்பாட்டுக்குக் கிருபாகரன் வந்திருந்தான். அவன் காதிலும் விழுந்தது. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

ஊர் உலகத்தில் கல்யாணத்துக்காக யார்தான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதில்லை? அன்றைக்கு மரகதம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குழாயடியில் அவள் தலைப்பை விட்டுவிட்டேன். மீன்குழம்புக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். காலியாகத்தான்.

செப்டம்பர் 5

பர்வீன் கேட்கிறாள், தங்கினவர்களில் வேறு யாராவது வந்து சொல்வார்களா என்று. முதல் வீட்டிலும் நாலாவது வீட்டிலும் ஏற்கெனவே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

இவர் சொன்னார், "நான் வர்றேன். யார் யார் தங்கினாகன்னு ஒவ்வொருத்தர் குரலும் எனக்குத் தெரியும். பால்ச்சாமி ராவெல்லாம் இருமுவார். அவரோட தம்பி ஒரு ஆளு, சம்பளம் பத்தியே பேசுவாரு."

இவர் எதிரில்தான் பர்வீனுக்குப் போன் செய்தேன். "வேணாம்மா. 'யாரைப் பார்த்தீங்க?'ன்னு ஒரு கேள்விதான் கேப்பாங்க. அதுக்கப்புறம் அவரைக் கூண்டுல வச்சு என்னென்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன், "நீங்க வரவே வேணாமாம். கேஸு நம்ம பக்கம் நல்லா இருக்காம்."

"அப்படியா சொன்னா?" என்றார். "நல்ல பொண்ணு."

செப்டம்பர் 17

பால்ச்சாமிக்குப் போன் செய்தேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கேஸ், கல்யாணத்தப்ப அந்த அறையில தங்கினீங்கன்னு மட்டும் வந்து சொல்ல முடியுமாண்ணே என்று கேட்டேன். ஏன் எதற்கு என்று ஒன்றுமே கேட்கவில்லை. "இதுக்கு ஏன் தாயி இம்புட்டுத் தயங்குறீக? தங்குனமா இல்லையா? வந்து சொல்றேன்" என்றார்.

பர்வீனிடம் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. படத்தை மாற்றியதும், சம்பந்தி வீடு என்று சொன்னதும் கேஸுக்கு எதற்கு? தங்கினோம், காசு கொடுக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மரகதத்தின் மானமும் போகாது, என் வீடும் போகாது. ரெண்டும் தப்பிக்க இது ஒன்றுதான் வழி என்று தோன்றுகிறது.

கத்தரிக்காய் முற்றல். கடைக்காரன் இனி என் முகத்தில் முழிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 10

பால்ச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். பர்வீன் கேட்டதற்கெல்லாம் கணீர் என்று பதில் சொன்னார். போட்டோவில் இருப்பது நான்தான். மூன்று நாள் தங்கினோம். சல்லிக்காசு கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கிருபாகரனுடைய வக்கீல் எழுந்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்க தங்கினது யாரு வீட்டுல?"

"எங்க சம்பந்தி வீட்டுலங்க."

"இந்தத் திலகவதி வீட்டுல இல்ல?"

"இல்லைங்களே. அந்தம்மா பின்னால குடியிருக்கிறவங்க. எங்களுக்குக் காபி, பலகாரம் எல்லாம் குடுத்தாங்க. தங்கமான மனுசி."

"அந்த முன்னறை யாரு கையில இருந்துச்சு?"

"சம்பந்தி கையிலதான். அவங்க பொண்ணு படமெல்லாம் மாட்டியிருந்துச்சு. இந்தம்மாவே எங்கிட்ட சொன்னாங்களே, எல்லாம் உங்க சம்பந்தி வீடுதான்னு."

வக்கீல் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். "ஐயா, நாள் வாடகையோ மாத வாடகையோ, இவங்க குடியிருந்த அறை இவங்க கையில இல்ல, வேற குடும்பத்துக்கு விட்டுட்டாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாம உள்வாடகைக்கு விட்டிருக்காங்க. இதை இவங்க கூட்டிட்டு வந்த சாட்சியே சொல்லிட்டார்."

பால்ச்சாமி ஒரு சொல் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "ஏன் தாயி, சம்பந்தி உங்களக் காலி பண்ணச் சொல்றாகளா? எதுவும்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் பேசுறேன்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய் அவரை ஏற்றிவிட்டு வந்தேன்.

இவரிடம்: "நல்லாதான் போச்சு."

அக்டோபர் 11

பர்வீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முதல் நாளே சொல்லியிருந்தா அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேனேம்மா" என்றாள்.

இனி ஒரே வழி நானே கூண்டில் ஏறி, கல்யாணத்துக்காக அப்படிச் சொன்னேன் என்று சொல்வது. "பேர் பேரா சொல்லணும். படத்தைக் கழட்டினது வரைக்கும்."

"பவானி?" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர்?" என்றாள் பதிலுக்கு.

அக்டோபர் 24

தீபாவளி வந்தால் எங்களுக்கு என்ன. அதிரசம் மட்டும் கொஞ்சம். மரகதம் வீட்டிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. கிண்ணம் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 30

சொல்லிவிட்டேன்.

பவானியின் வளைகாப்பு பற்றி மரகதத்திடம் பேச ஊருக்கு வந்திருந்த பால்ச்சாமி, "அந்தம்மா தனியா நிக்கிதே" என்று கோர்ட்டுக்கும் வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். கூண்டில் ஏறின பிறகுதான் பார்த்தேன். வீட்டில் இவர் டீ போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். முன்னறை எங்களுடையது. மரகதம் குடும்பமும் எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்கள். கல்யாணத்துக்காக நான் அப்படிச் சொன்னேன். படத்தை நான்தான் மாற்றினேன்.

கிருபாகரனுடைய வக்கீல் அவசரமே படவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது."

"யாராவது மிரட்டிச் சொல்ல வச்சாங்களா?"

"இல்லைங்க."

"காசு குடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"ஆக, மிரட்டலும் இல்லாம, ஆதாயமும் இல்லாம பொய் சொல்லிருக்கீங்க. இன்னைக்கு வீடே போற நிலைமை. இப்ப மட்டும் உண்மை சொல்றீங்க. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? அதுதானே உண்மை. அவர் "தட்ஸ் ஆல்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது பால்ச்சாமி அதே மரத்தடியில் நின்றார். காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. "அண்ணே, பவானிய ஒண்ணும் சொல்லிராதீக. எல்லாம் நான் செஞ்சது" என்றேன்.

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஏந்தாயி, வீடு யாருதுன்னு நாங்க கேட்டமா? தரகன் சொன்னான், காதுல வாங்கிக்கிட்டேன். நாங்க அருப்புக்கோட்டையில இருக்கறதே வாடகை வீடுதான். எங்களுக்கும் சொந்த வீடுன்னுதான் அவன் உங்க பக்கம் சொல்லிருக்கான். எப்படா தெரிஞ்சிருமோன்னு நாங்கதான் பயந்துக்கிட்டுக் கெடந்தோம்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நான் வேணா மறுபடி போய்ச் சொல்லட்டுமா?"

பர்வீன் தலையை ஆட்டினாள். "இனிமே யார் வந்து எதைச் சொன்னாலும், பேசி வச்சிக்கிட்டு வந்துட்டாங்கன்னுதான் ஆகும்."

அக்டோபர் 31

நேற்றுச் சாயங்காலம் பால்ச்சாமி மரகதத்திடமும் சொல்லியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்குக் கேட்டது. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் போகவில்லை. இவர் எழுந்து சுவர் அருகே போய் நின்றார், பிறகு வந்து படுத்துக்கொண்டார்.

நவம்பர் 14

மரகதம் தானாகவே பர்வீன் ஆபீஸுக்குப் போய், சொன்னது பொய், மாற்றிச் சொல்கிறேன் என்று அழுதிருக்கிறாள். பர்வீன் மனுப் போட்டுப் பார்த்தாள். தள்ளுபடி ஆகிவிட்டது. விசாரணை முடிந்துவிட்டது, இது காலம் கடத்துகிற வேலை என்று சொல்லிவிட்டார்களாம். நல்லவேளை மரகதத்தின் மேல் கேஸ் வரவில்லை என்கிறாள் பர்வீன். எனக்கு நல்லவேளை என்று தோன்றியதா இல்லையா என்று இதில் எழுதப் போவதில்லை.

டிசம்பர் 12

தீர்ப்பு. எதிர்மனுதாரரே பொய் சொல்லியதாக ஒப்புக்கொண்டிருப்பதால் அவரது கூற்றை நம்புவதற்கில்லை என்று வந்திருக்கிறது. எதிர்மனுதாரர் என்றால் நான். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

அப்பீல் போகலாம், ஆனால் அதுவரை வீட்டில் இருக்க விடுவார்களா என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் பர்வீன். இன்றைக்கு இவரிடம் "நல்லாதான் போச்சு" என்று சொல்ல வழியில்லை. தீர்ப்பு இதுதான் என்று மட்டும் சொன்னேன்.

"போதும் திலகா" என்றார். "வீடு தேடு."

சாயங்காலம் டீக்கடைக்குப் போனவர் வழக்கத்தை விட ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். தேடிக்கொண்டு போகலாமா என்று நினைத்து, போகாமல் வாசலிலேயே நின்றேன்.

ஜனவரி 18

ஏழு வீடு பார்த்தாயிற்று. "வீட்டுல யாருக்கும் முடியாம இருக்கா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண் தெரியாதவர் என்றால், மாடிப்படியில விழுந்து வச்சா யார் பதில் சொல்றது என்கிறார்கள். வில்லாபுரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 9

சாமான்களை மினி லாரியில் ஏற்றினோம். மரகதத்தின் வீட்டுக்காரர் சேதுராமுதான் பீரோவைத் தூக்கினார், தலை நிமிராமல். அவர்களுக்கும் கிருபாகரன் நோட்டீஸ் கொடுத்துவிட்டானாம். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தானோ தெரியவில்லை.

இவர் கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்தார். குழாய்க்குப் போனார், மாடிக்கு ஏறினார், இறங்கினார். பிறகு என் தோளில் கையை வைத்தார். வண்டி ஏறும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

மரகதம் ஓடி வந்து என் மடியில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். நான் காலியாகத் திருப்பிக் கொடுத்த அதே கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வில்லாபுரம் வீட்டின் பூட்டைத் திறந்ததும் இவர் வாசலில் நின்று கேட்டார், "எப்படி இருக்கு?"

"நம்ம வீடு மாதிரியேதான் இருக்கு" என்றேன். "நுழைஞ்சதும் முன்னறை. நேரா நடந்தா அடுப்படி."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது. இவர் முகம் தெளிந்தது. தோளில் இருந்து கையை எடுத்தார். அங்கே நடக்கிற மாதிரியே, கையை நீட்டாமல், வேகமாக நடந்தார்.

நேரே சுவர்.

நெற்றி புடைத்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் நல்லாதான் போச்சு, நல்லாதான் போச்சுன்ன. நீ செருப்பக் கழட்டுற சத்தத்துலயே எனக்குத் தெரியும். என் மனசு நோகக் கூடாதுன்னு நீ சொல்ற, சரின்னு விட்டுட்டேன்" என்றார். "இது அப்படி இல்ல. கோர்ட்டு உன்னை நம்பாட்டிப் போகுது. எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீதான் திலகா. பார்த்ததைச் சொல்லு."

அழுது முடித்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் இருந்து சொன்னேன். முன்னறை சின்னது. எதிரே சுவர், அதில் நீங்க மோதின இடத்துக்கு மேலே ஒரு ஆணி இருக்கு, நாளைக்குப் பிடுங்கிடறேன். அடுப்படி வலது பக்கம், வாசப்படி உயரம், தடுக்கும். குழாய் உள்ளேயே இருக்கு, வெளியே போக வேண்டியதில்லை. பாத்ரூம் பின்னால, இறங்கிப் போகணும். படி உடைஞ்சிருக்கு. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை.

ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று கேட்டுக்கொண்டார். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே ஜன்னல் வரை போனார். நானும் பின்னால் போனேன். ஜன்னலைத் திறந்தார். ஒரு முழம் தள்ளி அடுத்த வீட்டின் பின்சுவர் நின்றது.

முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது?"

ஜன்னல் வழியே கையை நீட்டினேன், எதிர்ச்சுவர் விரலில் பட்டது.

"வெளிச்சம் வராதுங்க" என்றேன்.

"சரி" என்றார்.